டெல்டா பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய், மீன் பெட்டி, செங்கல், வேதாரண்யத்து உப்பு என்று காவிரி டெல்டாவில் பிக்கப் ஏற்றாத சரக்கு இல்லை. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான டீசல் பிக்கப் என்றால் அது பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி செய்த) வண்டி. இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக அந்த வண்டிகளுக்கு. அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காற்று, டர்போ, இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் பாகம்) பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும்.

அமெரிக்க வீடியோக்களில் பிக்கப்புக்கு 'ஏர் பம்ப்' மாற்றுகிறார்களே, நம் வண்டியில் அது எங்கே இருக்கிறது?

நம் டீசல் பிக்கப்பில் அது கிடையாது. தேட வேண்டாம்.

அங்கே ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பெட்ரோல். ஆறிக் கிடக்கும் பெட்ரோல் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நொடிகள் பெட்ரோல் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் போகும். எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் சைலன்சர் பக்கம் வரும். அப்போது மின் மோட்டாரில் ஓடும் ஒரு பம்ப் வெளிக்காற்றை எக்ஸாஸ்டுக்குள் ஊதும். மிச்சம் அங்கேயே எரிந்துபோகும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும் சீக்கிரம் சூடாகும். வேலை முடிந்ததும் பம்ப் நின்றுவிடும். பெரும்பாலும் அது கெடுவது ஒருவழி வால்வால்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் எக்ஸாஸ்டின் ஈரம் பம்ப்புக்குள் திரும்பிப் போய் மோட்டாரைத் துருப்பிடிக்க வைக்கும். வால்வை மாற்றாமல் பம்ப்பை மட்டும் புதிதாகப் போட்டால் புதியதும் அதே வழியில் போகும். இதற்கு ஸ்கேனரில் வரும் கோடு (பிழைக் குறியீடு) பி0410.

டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு மேல் காற்றோடுதான் எரிக்கிறது. அதனால் எக்ஸாஸ்டில் தனியாகக் காற்று ஊத வேண்டிய வேலை இல்லை. ஆனால் நம் ஊர் பைக்குகள் பலவற்றில் இதன் தம்பி இருக்கிறது: மோட்டார் எதுவும் இல்லாமல், எக்ஸாஸ்டின் துடிப்பிலேயே திறந்து மூடும் ஒரு சின்ன ரீடு வால்வு.

சரி, டீசல் பிக்கப்பில் என்னென்ன இருக்கின்றன?

காற்று போகும் வழியிலேயே போய்ப் பார்த்தால் எளிது. ஏர் ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், இன்ஜின். வெளியே வரும் புகையில் ஒரு பங்கை இ.ஜி.ஆர். வால்வு திருப்பி உள்ளே விடும். அதனால் எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். மீதிப் புகை ஆக்சிகரண கேட்டலிஸ்ட், அதையடுத்து டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி வழியாகப் போகும். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருந்தால், அதற்கும் அப்பால் யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்.சி.ஆர். பாகமும் இருக்கிறது. நீல மூடி இல்லாத வண்டிக்கு யூரியா கேள்விகள் வேண்டாம்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் விலை உயர்ந்த பாகம் அடைத்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் முன்னால் இருக்கும் மலிவான பாகத்தில் கிடக்கும். பத்து ரூபாய்க் கிளாம்ப் தளர்ந்து டி.பி.எஃப். போவது சாதாரணமாக நடக்கிறது.

திருச்சி, சென்னை லைனில் ஓடும் வண்டிக்கு வராத டி.பி.எஃப். அடைப்பு நம் வண்டிக்கு மட்டும் ஏன் வருகிறது?

வண்டி ஒன்றுதான், ஓட்டம் வேறு. டி.பி.எஃப். தன்னைத்தானே சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட் சூடாக வேண்டும். நீண்ட ஓட்டத்தில், 250 டிகிரிக்கு மேல், கரி மெதுவாகத் தானாக எரிந்துகொண்டே இருக்கும். அது போதாதபோது கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் விட்டு 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்கும். அதைத்தான் ரீஜெனரேஷன், சுருக்கமாக ரீஜென் என்கிறோம்.

டெல்டா ஓட்டம் இதற்கு நேர் எதிர். வாய்க்கால் கரையில் இரண்டாம் கியரில் இரண்டு கிலோமீட்டர். களத்தில் 40 கிலோ மூட்டைகளை ஏற்றும் வரை இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். பிறகு நேரடி கொள்முதல் நிலையத்து வரிசை. பேட்டரி வீக், ஆஃப் செய்தால் தள்ள ஆள் வேண்டும் என்று ஆஃப் செய்வதே இல்லை. எக்ஸாஸ்ட் சூடாகாமலே கரி மட்டும் சேர்கிறது. ரீஜென் ஆரம்பித்தாலும் பாதியில் ஊர் வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவோம். நாலைந்து முறை பாதியில் நின்றால் விளக்கு எரியத்தான் செய்யும்.

இதற்கு முதல் வைத்தியம் நல்ல பேட்டரி. சிரிப்பாக இருக்கும், ஆனால் வரிசையில் தைரியமாக ஆஃப் செய்ய முடிகிற வண்டிக்கு டி.பி.எஃப். தொல்லை பாதியாகக் குறையும்.

ஏர் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

கையேட்டில் இருக்கும் கணக்கு தார் ரோட்டுக்கானது. குறுவை அறுப்பு நடக்கும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா, தாளடி அறுப்பு நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். அறுப்பு மெஷின் ஓடும் வயலோரம் வேலை செய்தால் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். நெல் சுணையும் வைக்கோல் தூளும் மண்ணைப்போல மடிப்புக்குள் போய் உட்காராது. மேலேயே பாய் விரித்தாற்போல் படிந்து மூடிவிடும். வெளியே தட்டினால் உதிரும், அதனால் 'பரவாயில்லை' என்று தோன்றும். மடிப்பை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மறுபக்கம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டும்.

காற்று அடிப்பதாக இருந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 2 பார் (சுமார் 30 பி.எஸ்.ஐ.) அழுத்தத்துக்குள், முனையைக் காகிதத்தில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். இரண்டு மூன்று முறைக்கு மேல் ஊதிப் போட்ட ஃபில்டரை நம்ப வேண்டாம். தண்ணீரில் அலசுவது கூடவே கூடாது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். துணியில் மண் வந்தால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு உட்காரவில்லை அல்லது பெட்டி விரிசல் விட்டிருக்கிறது. அந்த மண் டர்போவின் விசிறி இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் அடியில் வாத்து மூக்குபோல ஒரு ரப்பர் இருந்தால் அதை அழுக்கித் தூசியை உதறிவிடுங்கள். அது கிழிந்தோ விழுந்தோ போயிருந்தால் அடியிலிருந்தே தூசி ஏறும்.

வண்டி இழுக்கவில்லை, கறுப்புப் புகை வருகிறது. பம்ப், இன்ஜெக்டர் வேலை என்கிறார்கள். செய்யலாமா?

முதலில் டர்போ ஹோஸைப் பாருங்கள். பிக்கப்பில் பிக்கப் இல்லை என்று வரும் வண்டிகளில் அங்கே குற்றம் இருப்பது சகஜம், பார்க்கக் காசும் ஆகாது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள் சூட்டில் விறைத்து, கிளாம்ப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். வெடிப்பு அடிப்பக்கம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை அடியில் விட்டுத் தடவுங்கள். இன்ஜின் ஆறியபிறகு. விரலில் பிசுபிசுவென்று எண்ணெயும் தூசியும் சேர்ந்த அழுக்கு ஒரே இடத்தில் பட்டால் காற்று அங்கேதான் கசிகிறது.

சந்தேகம் தீர, ஒருவர் ஆக்சிலேட்டரைப் பிடித்து 2,000, 2,500 ஆர்.பி.எம்.-இல் வைக்க, இன்னொருவர் ஷாம்பு தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். விசிறி, பெல்ட் பக்கம் கை, துண்டு, கைலி நுனி எதுவும் போகக் கூடாது. லோடில் மட்டும் திறக்கும் வெடிப்பு இதில் தெரியாது. அதற்குப் பட்டறையில் குழாயை அடைத்துக் காற்று ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஸ்கேனரில் இதற்கு பி0299 என்று வரும்.

அளந்த காற்று வழியில் கசிந்துவிடும். கம்ப்யூட்டர் அளந்த கணக்குக்கே டீசல் விடும். எரியாத பங்கு கரியாகும். அந்தக் கரி இ.ஜி.ஆரிலும் டி.பி.எஃபிலும் போய்த் தங்கும். ஹோஸை மாற்றாமல் டி.பி.எஃபைச் சுத்தம் செய்வது மடையை அடைக்காமல் வயலிலிருந்து தண்ணீர் இறைப்பது போலத்தான்.

கிளாம்ப் மாற்றும்போது பழைய ஸ்குரூ கிளாம்பைவிட டி-போல்ட் வகை நல்லது. ரப்பரின் உள்பக்க எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் லோடு ஏறும்போது வழுக்கிக் கழன்றுவிடும்.

இ.ஜி.ஆர். வால்வை நாமே சுத்தம் செய்ய முடியுமா?

கை எட்டும் இடத்தில் இருந்தால் முடியும். அரை நாள் வேலை. புதிய கேஸ்கெட் கையில் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். பழைய உலோக கேஸ்கெட் ஒருமுறை நசுங்கியது, திரும்ப அடைக்காது.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்தபிறகு ஐந்து நிமிடம் கழித்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். யூரியா உள்ள வண்டி சாவி எடுத்தபிறகும் பம்ப்பை ஓடவிட்டுக் குழாயிலுள்ள கரைசலைத் தொட்டிக்குத் திருப்பி எடுக்கும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் கரைசல் குழாயிலேயே உறைந்து உப்பாகிவிடும்.

வால்வின் கனெக்டரை பூட்டு நாக்கை அழுத்தி எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டுகள் வரவில்லை என்றால் துரு எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். கடலோரத்து வண்டியாக இருந்தால் ராத்திரி முழுக்க. முறித்துவிட்டால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும். வால்வோடு கூலன்ட் குழாய் வந்தால் அதைக் கிளிப் போட்டுப் பிடித்துவிட்டுக் கழற்றுங்கள்.

கழற்றிய வால்வில் இரண்டு பக்கம் உண்டு: புகை போகும் வார்ப்பு உடம்பு, மோட்டாரும் சென்சாரும் இருக்கும் பிளாஸ்டிக் தலை. தலையை ஒரு பாலித்தீன் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மேலே பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் ஸ்பிரே கீழ்நோக்கி வடிய வேண்டும், மோட்டாருக்குள் ஏறக் கூடாது. இ.ஜி.ஆர். அல்லது கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். கம்பி பிரஷ், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். வால்வு உட்காரும் விளிம்பில் கீறல் விழுந்தால் பிறகு மூடவே மூடாது. இதற்குத் தென்னந் துடைப்பத்து ஈர்க்கு பத்தைச் சேர்த்துக் கட்டி நுனியை ஒட்ட வெட்டிக்கொண்டால் போதும், கடையில் விற்கும் நைலான் பிரஷுக்குக் குறைந்ததில்லை. காஸ்டிக் சோடா, டாய்லெட் கிளீனர் இரண்டும் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

தட்டை விரலால் மெதுவாக அழுத்தி விட்டால் ஸ்பிரிங் விசையில் தானாகத் திரும்பி வந்து முழுதாக மூட வேண்டும். மூடியபின் ஸ்பிரேயை மேலே தேங்கவிட்டுப் பாருங்கள். சட்டென்று வடிந்தால் விளிம்பு தேய்ந்துவிட்டது, அதற்குப் புதிய வால்வுதான். மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) பக்கத்து ஓட்டையிலுள்ள கரியையும் எடுங்கள், ஆனால் உள்ளே தள்ளிவிடாமல், துணி அடைத்துவிட்டு வெளியே சுரண்டி. அதை விட்டுவிட்டு வால்வை மட்டும் பளபளப்பாக்கி மாட்டினால் பி0401 அடுத்த வாரமே திரும்பி வரும்.

மாட்டும்போது போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையேட்டில் வேறு அளவு சொல்லாவிட்டால் எம்6 போல்ட்டுக்கு 10, எம்8 போல்ட்டுக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர் பாதுகாப்பான அளவு. கடைசியாக ஸ்கேனரில் கோடை அழித்து, வால்வின் 'மூடிய நிலை'யைப் புதிதாகப் படிக்கவைக்க வேண்டும். பல வண்டிகளில் இதைச் செய்யாவிட்டால் ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) தடுமாறும்.

கூலன்ட் குறைகிறது, வெளியே சொட்டு எதுவும் இல்லை. இதற்கும் இ.ஜி.ஆருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. திருப்பி விடும் புகையை ஆற்ற ஒரு கூலர் இருக்கிறது. அதன் உள் குழாய் ஓட்டை விழுந்தால் கூலன்ட் புகை வழியில் கசியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும். வால்வைக் கழற்றினால் கரி காய்ந்த தூளாக இல்லாமல் சேறுபோல ஈரமாக இருக்கும். ஹெட் கேஸ்கெட்டுக்கு இன்ஜினைப் பிரிக்கும் முன் கூலரைக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பாருங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ரேடியேட்டரில் அதை ஊற்றுவதுதான் கூலரைத் தின்கிறது. கலந்தே விற்கும் கூலன்டை ஊற்றுங்கள், அவசரத்துக்கு பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டர்.

இ.ஜி.ஆரைத் தகடு போட்டு அடைத்தால், டி.பி.எஃபை உடைத்து எடுத்தால் என்ன?

மைலேஜ் கூடும் என்று செய்கிறார்கள். பி.எஸ்.6 வண்டியில் கம்ப்யூட்டர் காற்றளவிலும் அழுத்தத்திலும் உடனே கண்டுபிடித்து சக்தியைக் குறைக்கும். அதை மறைக்க மென்பொருளை மாற்ற வேண்டும், அதோடு வாரண்டி போகும். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விட்டாலும், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

டி.பி.எஃப். விளக்கு எரிகிறது. உடனே பட்டறைக்கா?

விளக்கு மஞ்சளாக நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால், முதலில் ஓட்டிப் பாருங்கள். டீசல் கால் டாங்குக்கு மேல் இருக்கட்டும், குறைந்தால் பல வண்டிகள் ரீஜெனை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. வேறு எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக் கூடாது. தஞ்சாவூர்–திருச்சி நால்வழிச்சாலைபோல நிற்காமல் போகக்கூடிய ரோட்டில், ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வருமாறு 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். தஞ்சாவூரில் ஏறினால் வல்லம், செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். ரீஜென் நடக்கும்போது ஸ்லோ சற்று ஏறும், ரேடியேட்டர் விசிறி ஓடும், சூடான இரும்பு வாசனை வரும். பயப்பட வேண்டாம், நடுவில் ஆஃப் செய்யவும் வேண்டாம்.

விளக்கு மின்னினால், அல்லது செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுக்காமல் போனால், ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. அப்போது வற்புறுத்தி ஓட்டினால் சேர்ந்த கரி மொத்தமாகத் தீப்பிடித்து உள்ளே இருக்கும் செராமிக் வெடிக்கும். ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், நிறுத்திவைத்துச் செய்யும் ரீஜென் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரீஜென் சமயத்தில் களத்தில் வண்டியை நிறுத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ரீஜெனில் டி.பி.எஃபின் உள்ளே 600 டிகிரி, வெளி உடம்பும் குழாயும் வைக்கோலைப் பற்றவைக்கும் அளவு சூடாக இருக்கும். அறுத்த வயலில் தாள் முழங்கால் உயரம் நிற்கும், களத்திலும் ரோட்டோரமும் வைக்கோல் பரந்து கிடக்கும். வண்டியை அதன்மேல் நிறுத்தி இறங்கிப் போனால் அடியில் புகைவது மேலே இருக்கும் லோடுக்கு ஏறும் வரை தெரியாது. வைக்கோல் கட்டு ஏற்றிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

அறுப்புக் காலத்தில் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, அடியில் குனிந்து டி.பி.எஃபைச் சுற்றிச் சிக்கிய வைக்கோலையும் சாக்கு நூலையும் பிடுங்கிப் போடுங்கள். வெப்பத் தகடுக்கும் டி.பி.எஃபுக்கும் நடுவில்தான் அதிகம் சேரும். ஸ்விட்ச் போட்டு ரீஜென் செய்யும் வசதி உள்ள வண்டி என்றால் வெறும் தரையிலோ சிமெண்ட் தளத்திலோ நிறுத்திச் செய்யுங்கள். ஐந்து கிலோ உலர்பொடி தீயணைப்பான் ஒன்று கேபினில் இருக்கட்டும்.

ஆயில் லெவல் குறையாமல் ஏறுகிறது. எப்படி?

ரீஜெனுக்காகக் கடைசியில் விடும் டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வடிந்து ஆயிலில் கலக்கும். ரீஜென் அடிக்கடி பாதியில் நின்றால் கலப்பது கூடும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, ஆயில் தண்ணீராக டீசல் வாசனையோடு இருந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் முதலில் டர்போ பேரிங்கைக் கொல்லும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். கையேட்டில் உள்ளபடி ஏ.சி.இ.ஏ. சி3 அல்லது ஏ.பி.ஐ. சி.கே.-4 போன்ற தரம் டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். டிராக்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றாதீர்கள். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது டி.பி.எஃபிலேயே நிரந்தரமாகத் தங்கும்.

டி.பி.எஃபைக் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

ரீஜெனில் போகாத சாம்பலை எடுக்க ஒரே வழி கழற்றிச் சுத்தம் செய்வதுதான், ஆனால் வாட்டர் சர்வீஸ் பம்ப்பில் அல்ல. அந்த அழுத்தம் செராமிக் தேன்கூட்டை உடைக்கும், அல்லது சாம்பலைக் குழைத்துச் சிமெண்டாக இறுக்கும். சூளையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்று அடித்து, முன்னும் பின்னும் எடையும் அழுத்தமும் அளந்து கொடுக்கும் இடங்களில் செய்ய வேண்டும். அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. டி.பி.எஃபின் முன்னும் பின்னும் இருந்து அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களைப் பாருங்கள். ரப்பர் பகுதி உருகியோ எலி கடித்தோ, உலோகப் பகுதி கரியால் அடைத்தோ இருந்தால், நல்ல டி.பி.எஃபையும் அடைத்ததாக வண்டி சொல்லும். இன்ஜின் ஆஃபில் சாவி மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்த்தால் அழுத்த வித்தியாசம் 0 காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் சென்சார் கோளாறு. சூடான இன்ஜினில் ஸ்லோவில் சில மில்லிபார் காட்டி, ஆர்.பி.எம். ஏற்றினால் ஏறி, விட்டதும் இறங்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் குழாய் கழன்றிருக்கிறது, அல்லது உள்ளே ஏற்கெனவே யாரோ உடைத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு குழாயையும் மாற்றி மாட்டிவிடுவதும் நடக்கும், ஆகவே கழற்றும் முன் ஒன்றில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறது. தண்ணீரில் கரைத்து நீல மூடியில் ஊற்றினால் என்ன?

எஸ்.சி.ஆர். மொத்தமும் போகும். 'யூரியா' என்று பேர் வைத்ததால் வந்த வினை இது. வண்டிக்கு வேண்டியது ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தில் 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி உப்பு நீக்கிய நீரும். வயலுக்கு வரும் 45 கிலோ மூட்டை வேப்பெண்ணெய் பூசியது. கரைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது தெளிப்பு முனையில் பிசினாகப் படியும். அதிலுள்ள பையூரெட் என்ற கலப்புப் பொருள் சூட்டில் கட்டியாகும், நம் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் கேட்டலிஸ்டின் மேல் பூச்சாக ஒட்டும். பூச்சு ஒட்டிய கேட்டலிஸ்டைக் கழுவி மீட்க முடியாது.

செலவும் பயப்படும் அளவு இல்லை. 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 5 லிட்டர் கரைசல்தான் போகும்.

கரைசலை மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

நம் வெயிலுக்கு வேண்டாம். 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான். தகரக் கொட்டகைக்குள் சித்திரையில் இன்னும் சீக்கிரம் கெடும். நெல் வைக்கும் குளிர்ந்த அறையில், மூடியை இறுக்கி, டப்பாவிலுள்ள தேதி பார்த்து வாங்குங்கள். பித்தளை, செம்பு, நாகப் பூச்சு வாளி எதிலும் ஊற்றக் கூடாது. டீசல் பட்ட புனல் கூடாது. சந்தேகம் இருந்தால், கரைசலில் யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். 31.8-க்கும் 33.2-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மூடியைச் சுற்றியும் தெளிப்பு முனையிலும் வெள்ளையாகப் படிவது உறைந்த யூரியாதான். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் துணி நனைத்துத் துடைத்தால் கரையும். சுரண்ட வேண்டாம்.

நீல மூடியில் தவறி டீசல் ஊற்றிவிட்டோம்!

சாவியைத் தொடாதீர்கள். சாவியை ஆன் செய்தாலே பம்ப் உறிஞ்சிக் குழாய்க்கு ஏற்றிவிடும், உள்ளே இருக்கும் ரப்பர்கள் டீசலில் உப்பும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, தொட்டியை இறக்கிக் கழுவச் சொல்லுங்கள். டீசல் டாங்கில் யூரியா கரைசல் ஊற்றியிருந்தாலும் இதே விதி. அங்கே சேதம் உயர் அழுத்த பம்ப்புக்கு, செலவும் பல மடங்கு.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. என்ன செய்ய?

ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். க்ளோ பிளக்கோ இன்ஜெக்டரோ கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. சைலன்சர் வழியாக ஏறிய தண்ணீரை வடித்துவிட்டு, அழுத்த சென்சாரின் இரண்டு குழாயையும் ஊதிவிடுங்கள். யூரியா தொட்டியின் காற்றுத் துளை வழியே வெள்ளநீர் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு காலி செய்து நிரப்புவது நல்லது.

ஓடும் வண்டியையும் தேங்கிய தண்ணீரில் நெடுஞ்சாலை வேகத்தில் இறக்காதீர்கள். சிவக்கச் சூடான டி.பி.எஃபில் குளிர்ந்த நீர் அறைந்தால் செராமிக் விரிசல் விடும்.

கடலோர ஓட்டம், மீன் லோடு. துரு தாங்கவில்லை.

மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அது நேராக எக்ஸாஸ்ட் கிளாம்பிலும் சென்சார் கனெக்டரிலும் வடிகிறது. சரக்கு ஏற்றும் தொட்டியின் வடிகாலுக்கு ஒரு ஹோஸ் மாட்டிப் பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில், வண்டி ஆறியபிறகு அலசுங்கள். கனெக்டரில் டை-எலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். எக்ஸாஸ்ட் நட்டுகளில் சூடு தாங்கும் செம்பு கிரீஸ்.

புகைச் சான்று எவ்வளவு நாளுக்கு? தோற்றால்?

பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கும் பழைய வண்டிக்கு ஆறு மாதம். புது வண்டிக்கு முதல் வருடம் தேவையில்லை. சான்று இல்லாமல் மாசு விதியை மீறினால் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம். சோதனைக்குப் போகும் முன் வண்டியை அரை மணி நேரம் லோடில் ஓட்டிச் சூடாகவே கொண்டுபோங்கள். வரிசையில் நின்று ஆறிப்போன வண்டி, நல்ல வண்டியாக இருந்தாலும், முதல் மிதியில் கரி கக்கும்.

பழைய பி.எஸ்.6 பிக்கப் வாங்கப்போகிறோம். எதைப் பார்ப்பது?

சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தேயுங்கள். டி.பி.எஃப். நல்லபடி இருக்கும் வண்டியில் விரலில் சாம்பல் நிறத்தூசி லேசாக ஒட்டும், அவ்வளவுதான். கன்னங்கரேலென்று மை ஒட்டினால் உள்ளே தேன்கூடு உடைந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. பிறகு சாவியை ஆன் செய்து, செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பை எடுத்துவிட்டிருக்கலாம். ஸ்கேனர் மாட்டி கடைசியாக ரீஜென் முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று கேளுங்கள். நூறுக்கும் குறைவான தூரத்துக்கு ஒரு ரீஜென் என்று வந்தால் ஹோஸ், இன்ஜெக்டர், சாம்பல் மூன்றில் ஒன்று உங்கள் தலையில் விழக் காத்திருக்கிறது. அதற்கான செலவைக் கழித்து விலை பேசுங்கள்.